உஷார்! ‘அப்பீல் போட்டாச்சு’ என்று அசந்துவிடாதீர்கள்

கம்பெனி உங்களை அமெரிக்கக் கிளைக்கு வைஸ் பிரசிடெண்டாக அனுப்பியது. எல்-1ஏ விசாவில் போனீர்கள். வீடு வாங்கியாயிற்று, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. கிரீன் கார்டுக்காகக் கம்பெனி ஐ-140 மனுவும் போட்டது. பன்னாட்டு நிறுவனங்களின் மேலாளர்களுக்கும் உயர் நிர்வாகிகளுக்கும் உரிய இபி-1சி பிரிவு. லேபர் சர்டிஃபிகேஷன் தலைவலி இல்லாத பிரிவு, ஆகவே சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. உடனே கிடைக்கும் ஆறுதல்: “அப்பீல் போட்டுக்கலாம் சார், கவலைப்படாதீங்க.”

கவலைப்படுங்கள். அதுவும் இன்றைக்கே.

நம்மூரில் கீழ்க்கோர்ட்டில் தோற்றால் மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டு ஸ்டே வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேஸ் பத்து வருஷம் நடந்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அந்த நினைப்பிலேயே பலர் அமெரிக்க விசா அப்பீலையும் பார்க்கிறார்கள். இங்கே ஸ்டே கிடையாது. அப்பீல் நிலுவையில் இருப்பதால் நாட்டில் தங்கும் உரிமை வராது, வேலை பார்க்கும் உரிமையும் வராது. எதுவரை தங்கலாம் என்று காட்டும் உங்கள் ஐ-94 பதிவில் எந்தத் தேதி இருக்கிறதோ, அந்தத் தேதிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘அப்பீல் போட்டாச்சு’ என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதியைப் பாருங்கள். அப்பீல் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது. நீங்கள் உறையைப் பிரித்த நாளுக்கு மதிப்பில்லை. கெடு 30 நாள். முடிவைத் தபாலில் அனுப்பியிருந்தால் 3 நாள் சேர்த்து 33. அதற்குள் அப்பீலுக்கான ஐ-290பி படிவம், அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூரியரில் போட்ட ரசீதைக் காட்டி வாதாட முடியாது. அப்பீல் கெடுவை நீட்டித்துத் தரும் வழக்கமும் இல்லை.

இதில் ஒரு விவகாரம் இருக்கிறது. அந்தக் கடிதம் உங்களுக்கு வருவதே இல்லை. மனுதாரர் கம்பெனி, கடிதம் கம்பெனிக்கும் அதன் வக்கீலுக்கும் போகும். வக்கீல் ஆபீஸ் ஸ்கேன் செய்து, எச்.ஆருக்கு அனுப்பி, எச்.ஆர். மேலிடத்தில் கேட்டு, மேலிடம் ‘அடுத்த வார மீட்டிங்கில் பேசலாம்’ என்று சொல்லி, உங்கள் காதுக்கு வருவதற்குள் பாதிக் கெடு போயிருக்கும். யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்தில் ரசீது எண்ணைப் போட்டு வாரம் இரண்டு முறை நீங்களே பாருங்கள். எச்.ஆர். சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. மனு மறுக்கப்படாமல், ஏற்கெனவே ஒப்புதலான மனு ரத்து செய்யப்பட்டிருந்தால், அப்பீல் கெடு 15 நாள்தான். தபாலில் வந்திருந்தால் 18. இரண்டும் ஒரே மாதிரிக் கடிதமாகத்தான் தெரியும். ‘முப்பது நாள் இருக்கே’ என்று நினைத்தவர்கள் அங்கேயே தொலைந்தார்கள்.

கட்டணம் 800 டாலர். நேரடியாக அப்பீல் அலுவலகத்துக்கு அனுப்பக் கூடாது, படிவத்துக்கென்று யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் தளத்தில் குறிப்பிட்டிருக்கும் முகவரிக்குத்தான் போக வேண்டும். 2025 அக்டோபர் இறுதியிலிருந்து, சொற்ப விதிவிலக்குகள் தவிர, காகித செக்கும் மணி ஆர்டரும் வாங்குவதில்லை. கார்டு அல்லது வங்கிக் கணக்கு மூலம் செலுத்துவதற்கான படிவத்தை இணைக்க வேண்டும். பழைய ஞாபகத்தில் செக் வைத்து அனுப்பினால் முழுக் கட்டும் திரும்பி வரும். திரும்பி வருவதற்குள் கெடு முடிந்திருக்கும்.

அப்பீல் உங்களுடையதல்ல

மனுவின் பயனாளி நீங்கள். ஆனாலும் அப்பீல் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. ஐ-140 போட்டது கம்பெனி. மேல்முறையீட்டில் கையெழுத்திட வேண்டியதும் கம்பெனி. பயனாளி தானே வக்கீல் வைத்துப் போட்டால், ‘உரிமை இல்லாதவர் தாக்கல் செய்தது’ என்று நிராகரித்துவிடுவார்கள், பணமும் திரும்பாது. ஒரே ஒரு இடுக்கு உண்டு. கிரீன் கார்டின் கடைசிக் கட்டமான ஐ-485 நிலுவையில் 180 நாள் தாண்டி, சட்டப்படி வேறு வேலைக்கு மாறியவரின் மனுவை ரத்து செய்யும்போது, அவரையும் பாதிக்கப்பட்ட தரப்பாகக் கருத வேண்டும் என்று 2017இல் ஒரு தீர்மானம் வந்தது. சாதாரண மறுப்புக்கு அது உதவாது.

ஆகவே கம்பெனியுடன் மனக்கசப்பில் இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மறுப்பு வந்த வாரத்தில் ராஜினாமா மிரட்டல் விடுவது முட்டாள்தனம். அதே சமயம் கம்பெனி வக்கீல் உங்கள் வக்கீல் என்றும் நம்பிவிட வேண்டாம். அவருக்குப் பீஸ் கொடுப்பது கம்பெனி. ‘நான் நாட்டில் எத்தனை நாள் இருக்கலாம், குடும்பத்துக்கு என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு உங்கள் சொந்தப் பணத்தில் ஒரு மணி நேரம் வேறொரு வக்கீலிடம் உட்காருங்கள். கோயில் கேன்டீனில் இட்லி வரிசையில் நிற்கும்போது கிடைக்கும் இலவச சட்ட ஆலோசனையை இட்லியோடு விட்டுவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஐ-485 போட்டிருக்கிறோமா? போட்டிருந்து, அதன் அடிப்படையில் வந்த வேலை அனுமதி அட்டையை நம்பி, எல்-1ஏ விசாவைக் காலாவதியாக விட்டிருந்தால் நீங்கள் அபாயக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஐ-140 விழுந்தால் அதன் மேல் நிற்கும் ஐ-485உம் விழும். ஐ-485 மறுப்புக்கு அப்பீல் என்பதே கிடையாது. மறுபரிசீலனை கேட்டுத் தனியாக மோஷன் போடலாம், அவ்வளவுதான். ஐ-485 மறுக்கப்பட்ட மறுநாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் எண்ணத் தொடங்குகிறது. 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு திரும்ப வர முடியாது. ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு. அப்பீல் அலுவலகம் ஒரு வழக்கை முடிக்கத் தனக்கென வைத்திருக்கும் இலக்கே 180 நாள். கணக்கு உங்களுக்கே புரியும். போதாததற்கு, விண்ணப்பம் மறுக்கப்பட்டுச் சட்டபூர்வ அந்தஸ்தும் இல்லாதவர்களைக் குடிவரவுக் கோர்ட்டுக்கு இழுக்கும் நோட்டீஸை 2025 பிப்ரவரியிலிருந்து முன்பைவிடத் தாராளமாக அனுப்புகிறார்கள்.

ஐ-485 போடாதவர்களுக்கு உடனடி ஆபத்து குறைவு. எல்-1ஏ உயிரோடு இருக்கும்வரை வேலை பார்க்கலாம். ஆனால் எல்-1ஏவுக்கு மொத்தம் 7 ஆண்டுதான். எச்-1பிக்காரர்களுக்கு ஐ-140 ஒப்புதலைக் காட்டி ஆறாண்டுக்குப் பிறகும் நீட்டித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எல்-1க்கு அது இல்லை. எல்-1இல் கழித்த காலம் எச்-1பி கணக்கிலும் சேரும். ஆறாவது ஆண்டில் மறுப்பு வாங்குபவர் சுவரில் முதுகை வைத்து நிற்கிறார். மனைவியின் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவருடைய ஒரே தேதியில் தொங்குகின்றன.

பதவிப் பெயரை யாரும் பார்ப்பதில்லை

சரி, ஏன் மறுக்கிறார்கள்? ‘எல்-1ஏ மூன்று தடவை அப்ரூவ் ஆச்சே, அதே வேலைதானே’ என்று கேட்பவர்கள் அதிகம். எல்-1ஏ ஒப்புதல் ஐ-140 அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. அவர் புதிதாகப் பார்ப்பார்.

சட்டம் நிர்வாகி என்று யாரைச் சொல்கிறது? நிறுவனத்தையோ அதன் பெரிய பிரிவையோ நடத்துபவர், இலக்குகளையும் கொள்கைகளையும் வகுப்பவர், பரந்த அளவில் தானே முடிவெடுப்பவர், மேலிடத்தின் பொதுவான மேற்பார்வைக்கு மட்டும் உட்பட்டவர். இந்த நான்கும் ‘முதன்மையாக’ அவருடைய வேலையாக இருக்க வேண்டும். வக்கீல்களின் உதவியாளர்கள் செய்யும் பெரிய பிழை, இந்த நான்கு வரியையும் அப்படியே எடுத்து வேலை விவரத்தில் ஒட்டிவிடுவது.

உதாரணத்துக்கு, கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனி டெக்சாஸில் கிளை வைத்திருக்கிறது, ஊழியர் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். மனுவில் எழுதியிருக்கிறார்கள்: ‘சந்தை விரிவாக்க உத்திகளை வகுத்தல் – 40 சதவீதம். கொள்கை முடிவுகள் – 30 சதவீதம். நிதி மேற்பார்வை – 30 சதவீதம்.’ அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு ஆறு பேரையும் எண்ணுவார். கிடங்கில் இரண்டு பேர், விற்பனையில் இரண்டு பேர், கணக்கில் ஒருவர் பகுதி நேரம், ஆறாவது நீங்கள். அப்படியானால் கப்பல் சரக்கு ஏஜெண்டிடம் பேசுவது யார்? டீலர் ‘மோட்டார் எரிஞ்சுபோச்சு’ என்று போன் போட்டால் எடுப்பது யார்? பில் போடுவது, கஸ்டம்ஸ் காகிதம், ஹூஸ்டன் கண்காட்சியில் கடை போட்டு நிற்பது? பதில் மனுவில் இல்லை. ஆகவே இதையெல்லாம் செய்வது நிர்வாகியேதான் என்று முடிவு கட்டிவிடுவார். 1989இல் நியூயார்க்கில் ஃபெடின் பிரதர்ஸ் வழக்கில் கூட்டாட்சிக் கோர்ட்டு சொன்னது இன்றும் ஏறக்குறைய எல்லா மறுப்புக் கடிதங்களிலும் இருக்கும்: வேலையின் உண்மையான தன்மையைக் காட்டுவது அன்றாடம் செய்யும் பணிகளே.

ஆறு பேர் என்பதாலேயே மறுக்கலாமா என்றால், கூடாது. ஊழியர் எண்ணிக்கையைப் பார்க்கும்போது நிறுவனத்தின் நோக்கம், வளர்ச்சிக் கட்டம், நியாயமான தேவை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2016இல் ஒரு ஜப்பானியத் தாய் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை தொடர்பான எல்-1ஏ வழக்கில், வெளிநாட்டிலிருந்து அந்த மேலாளருக்குப் பின்பலமாக வேலை செய்யும் ஊழியர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அப்பீல் அலுவலகமே தீர்மானித்தது. நம் கோவைக் கம்பெனிக்கு இது தங்கமான வாதம். பில்லிங்கும் டிசைனும் கொள்முதலும் கோவையில் நடக்கிறது என்றால், அதைச் செய்வது யார் யார், என்ன சம்பளம், தினமும் டெக்சாஸுக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பெரும்பாலோர் காட்டுவதில்லை. ஊரில் உள்ள கணக்குப்பிள்ளையின் பெயரை அமெரிக்கக் காகிதத்தில் போடக் கூச்சமோ என்னவோ.

இன்னொரு கண்ணி நிறுவன வரைபடம். ஆறு பேர் கம்பெனியில் மூன்று வைஸ் பிரசிடெண்ட், இரண்டு டைரக்டர் என்று பெட்டி பெட்டியாகப் போடுவார்கள். காலாண்டு சம்பள வரிக் கணக்கையும் சேர்த்து அனுப்புவார்கள். அந்த ‘டைரக்டர்’ மூன்று மாதத்தில் வாங்கியது ஒரு கடை உதவியாளரின் சம்பளம் என்று அதில் தெரியும். ஒரு காகிதம் இன்னொன்றைப் பொய்யாக்கினால், சுயேச்சையான ஆதாரம் கொண்டு அந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டியது மனுதாரர் பொறுப்பு. தீர்க்காவிட்டால் மற்ற காகிதங்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

ரிவ்யூ கேட்டால் நோபாலும் பார்ப்பார்கள்

மறுப்புக்கு முன்பு பெரும்பாலும் கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதம் வரும். ஆர்எஃப்இ. அதிகபட்சம் 84 நாள் அவகாசம். உண்மையான சண்டை அங்கேதான் நடக்கிறது. ‘இப்போதைக்கு எதையாவது கொடுப்போம், அப்பீலில் முழுசாகக் காட்டிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் உஷார். ஆர்எஃப்இயில் கேட்டும் கொடுக்காத ஆதாரத்தை அப்பீலில் கொடுத்தால் அப்பீல் அலுவலகம் ஏற்காமல் ஒதுக்கிவிடலாம். 1988இலிருந்தே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. வேலை விவரத்தைப் புதிதாக எழுதி, பதவியைக் கூட்டி, மனுவை மாற்றியமைக்கவும் முடியாது. மனு போட்ட நாளில் தகுதி இருந்ததா என்பதே கேள்வி. அதற்குப் பிறகு நான்கு பேரை வேலைக்கு எடுத்தது புதிய மனுவுக்குப் பயன்படும், பழையதைக் காப்பாற்றாது.

ஏஏஓ எனப்படும் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகம் வழக்கை முதலிலிருந்து தானே பார்க்கும். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவுக்கு ரிவ்யூ கேட்டால் மூன்றாவது அம்பயர் முதலில் நோபாலா என்று பார்ப்பார் இல்லையா, அது மாதிரிதான். கீழே உள்ள அதிகாரி சொன்ன காரணம் தப்பு என்று நீங்கள் நிரூபித்தாலும், அவர் கவனிக்காத வேறொரு குறையை இவர்கள் கண்டுபிடிக்கலாம். தாய் நிறுவனத்துக்கும் கிளைக்கும் உள்ள பங்கு உறவு சரியில்லை, தகுதிக்காக வெளிநாட்டில் பார்த்திருக்க வேண்டிய ஓராண்டு வேலையே நிர்வாக வேலை அல்ல என்றெல்லாம் கிளம்பும். காகிதத்தில் ஓட்டை இருப்பது உங்களுக்கே தெரியும் என்றால், அப்பீல் போடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். தெரிந்தே தவறான தகவல் தந்ததாக முடிவு எழுதிவிட்டால் அது நிர்வாகியின் தலையில் நிரந்தரத் தடையாக விழக்கூடும்.

படிவத்தில் ‘முடிவு தவறானது, விரிவான வாதம் பிறகு’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பும் ஆபீஸ்களும் உண்டு. வாதத்தைப் பிறகு அனுப்ப 30 நாள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சட்டத்திலோ உண்மைத் தகவலிலோ எந்த இடத்தில் பிழை என்று கடைசிவரை குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், உள்ளே போகாமலே தள்ளுபடி செய்வார்கள். அனுப்பிய வாதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அப்பீலே வேண்டாம், புது மனு போட்டுவிடலாமே? இந்தியாவில் பிறந்தவருக்கு இங்கேதான் சிக்கல். மறுக்கப்பட்ட மனு முன்னுரிமைத் தேதியைத் தராது. 2022 தொடக்கத்தில் மனு போட்டு வரிசையில் இடம் பிடித்தவர், புது மனு போட்டால் புதுத் தேதியோடு கடைசியில் போய் நிற்க வேண்டும். இபி-1 வரிசையே இல்லாத காலம் மலையேறிவிட்டது. 2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கான இபி-1 தேதி ஒரே மாதத்தில் 2012 ஜனவரி 1க்குப் பின்வாங்கியது. 2025இன் பெரும்பகுதியிலும் 2022 பிப்ரவரியைத் தாண்டவில்லை. பழைய தேதியை உயிரோடு வைத்திருக்க அப்பீல்தான் வழி. ஆதாரத்தைச் சரிசெய்ய புது மனுதான் வழி. வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். சட்டத்தில் தடை இல்லை. 2023 ஜனவரி 30 முதல் இபி-1சிக்கு எல்லோருக்கும் விரைவாகப் பரிசீலிக்கும் பிரீமியம் வசதி இருப்பதால் 45 வேலை நாளில் புது மனுவுக்கு ஏதேனும் ஒரு பதில் வந்துவிடும். ஆனால் அந்த மனுவில் பழைய மறுப்பை மறைக்காதீர்கள். பின்னால் வேறு விசாவுக்கு டிஎஸ்-160 நிரப்பும்போதும் ‘உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்யாதீர்கள். மறுப்பைவிட அந்த டிக் ஆபத்தானது.

அப்பீலுக்குப் போகாமல் நேராகக் கூட்டாட்சிக் கோர்ட்டுக்குப் போகும் பாதையும் இருக்கிறது. மறுப்பு என்றால் போகலாம். ரத்து என்றால் கதவு பெரும்பாலும் சாத்தியாகிவிட்டது: 2024 டிசம்பர் 10 அன்று பூவார்ஃபா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்புதல் தந்த மனுவை ரத்து செய்வது அரசின் விருப்புரிமை, அதைக் கோர்ட்டு ஆராய முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கு திருமண அடிப்படையிலானது. ஆனால் ரத்து செய்யும் சட்டப் பிரிவு ஒன்றே. ரத்து செய்யப் போகிறோம் என்று முன்னறிவிப்பு வந்தாலே வக்கீலைத் தூக்கத்திலிருந்து எழுப்புங்கள்.

கடைசியாக, ‘வாஷிங்டனில் ஆள் இருக்கு’ கோஷ்டி. சென்னையிலும் ஹைதராபாத்திலும் நியூ ஜெர்சியிலும் இவர்கள் இருக்கிறார்கள். மறுப்பு வந்தவர்களின் பதற்றம் இவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அப்பீல் அலுவலகத்தில் ஆளைப் பார்த்துப் பேசி முடிக்கும் வேலை எதுவும் இல்லை. வாய்மொழி வாதத்துக்கு அனுமதி கிடைப்பதே அபூர்வம், எல்லாம் காகிதத்தில்தான். உங்கள் சார்பில் அங்கே ஆஜராக அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலத்தின் பார் உரிமம் பெற்ற வக்கீல், அல்லது நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதி வேண்டும். ‘கன்சல்டன்ட்’ என்ற பலகை போதாது. வக்கீலின் பெயரைக் கேளுங்கள், எந்த மாநில உரிமம் என்று கேளுங்கள், அந்த மாநில பார் தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறார்களா என்று அங்கேயே தெரியும். காசு செலவில்லை, இரண்டு நிமிஷ வேலை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.